சங்கு டவாலியின் மூன்றாவது கூப்பாடு

வெள்ளைக்காரன் காலத்தில் நீதி எதனால் நடந்தது என்று கேட்டால் சட்டப் புத்தகத்தால் என்பார்கள். சுத்தப் பொய். எங்கள் முன்சீப் கோர்ட்டில் அது சங்கு டவாலியின் தொண்டையால் நடந்தது.

நான் அங்கே நகல் எழுதும் குமாஸ்தா. டவாலிக்கு வேலை, வராந்தாவில் நின்று கட்சிக்காரரை மூன்று தரம் கூப்பிடுவது. மூன்றாவது கூப்பாட்டுக்கும் வழக்குப் போட்டவர் வராவிட்டால் பிராது தள்ளுபடி. சங்கின் முதல் கூப்பாட்டுக்குப் புளியமரத்துக் காக்கைகள் ஊரைக் காலி செய்யும். இரண்டாவதற்குச் சந்தை மாடுகள் கயிற்றை அறுக்கும். ஒருநாள் கத்தரிக்காய் விற்க வந்த ஒருவர் கூடையோடு கூண்டில் ஏறிக் கைகூப்பினார்.

"நான் ஒரு தப்பும் பண்ணலைங்க சாமி. இந்தக் கூப்பாட்டைக் கேட்டுப்போட்டு வராம இருக்க முடியலைங்க!"

புது முன்சீப் வந்தார். கைக்கடிகாரமும் விதிப்புத்தகமும் அவருக்கு இரண்டு கண்கள். ஒருநாள் "ராமாயி" என்று சங்கு கூப்பிட, இரண்டு ராமாயிகள் வந்தார்கள். சம்பந்தமில்லாத ராமாயியை வக்கீல் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்து, அவள் எருமை ஈன்ற கதைவரை வாங்கிவிட்டார். முன்சீப் கொதித்துப்போய் உத்தரவு போட்டார்: இனி புருஷன் அல்லது தகப்பன் பெயர், ஆள் பெயர், ஊர் மூன்றும் சொன்னால்தான் அது கூப்பாடு. சங்கு அந்த உத்தரவை என்னை நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மறு மாதம் பாவாயி வழக்கு. புருஷனை இழந்தவள். பொதுக் கிணற்றில் அவள் மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கக் கூடாதென்று பங்காளிகள் மறித்துவிட்டார்கள். வெங்காயப் பயிர் வாடிக்கொண்டிருந்தது. அன்று தள்ளுபடியானால் பயிர் போச்சு, பிழைப்பும் போச்சு. அவள் வண்டியையோ காணோம்.

இரண்டு கூப்பாடு முடிந்தது. சங்கு மூச்சை இழுத்தார்.

"மாரப்பன் சம்சாரம் பாவாயீஈஈ..."

அந்த 'ஈ'யோடு படியிறங்கினார். வாசலைத் தாண்டினார். தெருவில் நடந்தார். எங்களுக்கு 'ஈ' மட்டும் கேட்டது.

எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். "மூணு தரம் ஆச்சு, யுவர் ஆனர்!"

முன்சீப் என்னைப் பார்த்தார். "ஊர் பேர் வந்ததா?"

"இன்னும் வரலைங்க."

"அப்படியானால் இன்னும் கூப்பிடவில்லை. உட்காரும் ஐயா!"

வக்கீல் உட்கார்ந்தார். 'ஈ' தேய்ந்தது, நின்றது. கால்மணி கழித்துத் தூரத்தில் மறுபடி கிளம்பி வளர்ந்துகொண்டே வந்தது. பாலத்தருகே அச்சு முறிந்து நின்ற வண்டியிலிருந்து பாவாயியை இறக்கி, ஓட்டமும் நடையுமாகக் கூட்டிவந்து, வாசற்படியில் நிறுத்திவிட்டுத்தான் முடித்தார்:

"...ஆட்டையாம்பட்டீ!"

"வந்துட்டேனுங்க சாமி!" என்றாள் பாவாயி.

முன்சீப் முறைத்தார். "டவாலி, நடுவில் மூச்சு விட்டாயா?"

"ஒருக்கா உட்டேனுங்க எசமான். மூச்சு உடப்படாதுன்னு உத்தரவுல இல்லீங்களே?"

முன்சீப் வழக்குக் கட்டுக் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். காகிதம் குலுங்கியது. பாவாயி வழக்கில் ஜெயித்தாள். அந்த வருஷ வெங்காயத்தில் ஒரு கூடை சங்கு வீட்டுக்குப் போனது.

போன தை மாதம் சங்கு காலமாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. எனக்கு நம்பப் பிடிக்கவில்லை. அவர் பெயர் தெரியும், தகப்பனார் பெயர் தெரியும், ஊரும் தெரியும். ஊரை மட்டும் சொல்லமாட்டேன். சொல்லாதவரை கூப்பாடு முடியாது. அவரும் வராதவர் ஆகமாட்டார்.