செம்போத்து இன்னும் குறுக்கே வரவில்லை

மைத்துனர் திரு. அப்பாசாமி அவர்களுக்கு,

ஊரப்பாக்கத்திலிருந்து உங்கள் தங்கை பிரபாவதியின் கணவன் இனியன் எழுதுவது. இங்கே என் இடது பாதம் தவிர அனைவரும் நலம். புதுப்பட்டினத்தில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் புதுமனை புகுவிழா அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். போடாமல் விட்ட நாளிலிருந்து நாம் பேசுவதில்லை என்பதால் கடிதம்.

எங்கள் மகள் வைஷாலிக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமனைத் தாம்பூலத் தட்டோடு அழைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பத்திரிகை. கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. சம்பந்தி வீட்டார் குடைகிறார்கள். தாமதத்துக்குக் காரணம் நானல்ல. "எங்க அண்ணன் வூட்டுக்கு இத்தினி வருஷம் கழிச்சிப் போறோம். செம்போத்து குறுக்க போனாத்தான் கெளம்புவேன்" என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். அந்த நல்ல சகுனப் பறவையைத் தேடி, பங்குனி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் ஏரிக்கரைப் பூங்கா நடைபாதையில் அலைகிறோம்.

செம்போத்து தவிர எல்லாம் வருகிறது. புங்கம்பூ தலையில் உதிர்கிறது. கீரி குறுக்கே ஓடி நின்று, என்னைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போகிறது. ஒரு ஓணான், கழுத்து சிவக்க, நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறது. விசேஷ வீட்டில் நீங்கள் ஆட்டுவது போலவே. நெருஞ்சிப் பூ சூரியன் பக்கமே முகத்தை வைத்திருக்கிறது, நீங்கள் பெரிய மனிதர்கள் பக்கம் வைத்திருப்பது போல. ஆவாரம்பூ, தும்பைப்பூ எதைக் கண்டாலும் உங்கள் தங்கை நின்றுவிடுவாள். நேற்று அவளுக்காகத் தும்பை பறிக்கக் குனிந்தேனா, ஒரு ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே தலைக்கு நேராகப் பாய, நான் ஓட, செருப்பு ஒரு பக்கம் போக, வெறுங்காலை நெருஞ்சி முள்ளில் வைக்க, எதிரே வந்த ஒருவர், "அண்ணாத்த, அது தரையில முட்ட வச்சிகீது! அந்தாண்ட ஓடாத, இந்தாண்ட ஓடு!" என்று கத்த, உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்குகள் எல்லாம் எழும்பிவிட்டன. பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து முள்ளெடுத்தாள். "இன்னாங்க, வலிக்குதா?" என்றாள். உங்களைப் பற்றிச் சொல்ல வைத்திருந்த எல்லாம் அப்போது மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நினைவு வந்தது.

ஆகவே, பறவை மனது வைக்காதவரை எங்களால் வர இயலாது. இதில் எனக்கு வருத்தம் என்று சொன்னால் அது பொய். உங்கள் துணைவியாருக்கு வணக்கம்; பிள்ளைகளுக்கு ஆசிகள்; உங்களுக்கு, முறைப்படி உரியது.

இப்படிக்கு,
இனியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "செம்போத்து மொத நாளே குறுக்க போச்சி. நீங்க ஓணானைத் திட்டிகினு இருந்தீங்க" என்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொல்லிட்டா மறுநாள் என்கூட நடக்க வந்திருப்பீங்களா?" என்றாள். எனவே மேலே எழுதியவற்றை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வருகிறோம். காலை உணவுக்குக் காத்திருக்க வேண்டாம். பூங்காவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பேருந்து ஏறுவோம்.