த்ரெனோவா நிலையத்து விருந்து

உலக ரயில்வே வரலாற்றில் நீராவி எஞ்சினுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சாதனை, 1911இல் செர்பியாவின் த்ரெனோவா நிலையத்தில் நிகழ்ந்தது. ரயிலை ஓடவைக்க மட்டுமே தெரிந்த மேலைநாட்டாருக்கு, அதை நிறுத்திவைத்துச் சாப்பாடு போடலாம் என்று தோன்றவேயில்லை.

அன்று புனித நிக்கோலா திருநாள். நிலைய அதிகாரி ரதிசாவின் குலப்புனிதர் அவர். பயணிகளின் காவலரும் அவரே. அந்நாளில் வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பினால் குடும்பத்துக்கே இழுக்கு. காலை ரயிலோ வாசலுக்கே வந்துவிட்டது. 'நிர்வாக முடிவு' உடனே எடுக்கப்பட்டது. சிவப்புக் கொடி விரிந்தது; ரயிலில் வந்தவர்கள் எல்லாரும் பந்தியில் அமர்த்தப்பட்டார்கள்.

பயணிகளில் விலோதியேவுக்கு மட்டும் இந்த முன்னேற்றம் புரியவில்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அவன் மனைவி கோசரா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். இந்தமுறை சாச்சாக் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அடுத்த நிறுத்தமே சாச்சாக்.

"ஐயா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க. அவ தாங்க மாட்டா."

"மொதல்ல ஒரு வாய் படையல் கோதுமை எடுத்துக்க தம்பி, இனிப்பு போட்டு வேகவச்சது. வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போவியா?"

"நான் உங்க வீட்டுக்கா வந்தேன்? ரயில்ல வந்தேங்க."

"ரயில் யார் வீட்டு வாசல்ல நிக்குது?"

இந்தச் சட்ட நுணுக்கத்தை ரதிசாவிடமே விட்டுவிட்டு விலோதியே எஞ்சின் ஓட்டுநரிடம் ஓடினான். அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். கவனம் தேவைப்படும் பணி.

"அண்ணே, நீங்களாவது..."

"விருந்துன்னா மூணு கோப்பை குடிக்கணும், மூணாவது இன்னும் வரலடா. பாதியில எழுந்தா நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நீயும் உக்காரு. நீ நின்னா புள்ள உள்ளேயே நிக்குமா?"

பிள்ளை நிற்கவில்லை. விருந்து முடிந்து ரயில் ஊதும் முன்பே பெட்டியில் பிறந்துவிட்டது.

தாமதத்தை விசாரிக்க மேலிடத்திலிருந்து குழு வந்தது. பிளம் சாராயத்தோடு தீர விசாரித்து உண்மையைக் கண்டறிந்தது: ஏழைப் பெண்ணொருத்தியின் பிரசவத்துக்காக ரயிலையே நிறுத்திவைத்த 'மனிதாபிமானி' ரதிசாவ்!

பதக்கம் வழங்கும் விழாவில் விலோதியேவை, கைக்குழந்தையோடு, முன்வரிசையில் நிறுத்தினார்கள். பெரிய அதிகாரி ரதிசாவின் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டு இறங்கிவந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார்.

"உனக்காக ஒரு ரயிலே காத்து நின்னுதுடா! யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்? ஏம்ப்பா, தாயும் புள்ளையும் சுகந்தானே?"

"புள்ள சுகம்ங்க" என்றான் விலோதியே. "அவளுக்காகத்தான் நாங்க டாக்டர்கிட்ட போய்க்கிட்டிருந்தோம்."