முந்தானையில் ஏறிய மாமாவின் கார்

எனக்குக் கை அரிப்பு உண்டு. களிம்பு தடவினால் போகிற அரிப்பு இல்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும் என்கிற அரிப்பு. ஓடாத பொருள்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. (அவற்றைச் சரிசெய்யத் தெரிய வேண்டுமே.) இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி கம்பெனியாக எழுதிப் போட்டுவிட்டு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி ஓடும் எங்கள் வீட்டோடு உட்கார்ந்திருந்த மாதங்களில் அந்த அரிப்பு உச்சத்தில் இருந்தது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்து முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் மாமா கார் வாங்கினார்.

ஏகாம்பரம் மாமா என் அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டு அருகே மளிகைக்கடை. யாரோ பத்து வருடம் ஓட்டிக் களைத்த வெள்ளைக் காரைத்தான் வாங்கினார் என்றாலும், அதற்குச் சந்தனப் பொட்டு வைக்காமல் வெளியே எடுக்க மாட்டார். காரில் இருந்த ஆடியோ செட்டில் ரேடியோ மட்டும் வரும், அதுவும் மனசு வைத்தால் வரும்.

"டேய் சேகரு, இதுல சாமிப் பாட்டு எதுனா வராதாடா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டிருக்க வேண்டாம்.

"வரும் மாமா. கம்ப்யூட்டரே வெச்சிடலாம்."

"காருக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு? கணக்கா போடப் போவுது?"

"சாவியத் திருப்பினா தானா பாட்டு ஆரம்பிக்கும். சின்னத் திரையில உங்க வண்டி படம் வந்து வணக்கம் சொல்லும்."

வணக்கம் என்ற சொல்லில் மாமா விழுந்துவிட்டார். கடையில் யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். அதன் மூளை முழுவதும் விரல் நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில். பாட்டு, படம், அது கண் விழிப்பதற்கான விவரம், எல்லாம் அந்தக் கார்டுக்குள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்து மாமாவின் டேஷ்போர்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினேன். பின்னால் சேமியா போல ஒயர்கள். சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் ஒயர் எது என்று வீடியோவில் பார்த்திருந்தேன். (வீடியோவில் வந்தது வேறு கார்.) எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது. செய்தவர்கள் தாராளமாக வைத்துவிட்டார்கள் என்று மாமாவுக்கு விளக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி திருப்பினேன். மாமா என்னைப் பார்த்தார், மிச்சமிருந்த திருகாணிகளைப் பார்த்தார். பதற்றத்தில் என் கை எதையோ தட்ட, ஹெட்லைட் எரிந்தது. உடனே திரை கண் விழித்து, பாட்டு அலறியது. ஹெட்லைட்டோடு சேர்ந்து உயிர் பெறும் ஒயரில் கம்ப்யூட்டரை இணைத்திருக்கிறேன்! தப்பு என்று ஒப்புக்கொள்ளும் வயசா அது?

"பாதுகாப்பு ஏற்பாடு மாமா. லைட்டு போட்டாத்தான் பாட்டு வரும். திருடன் வந்தா அவனுக்குத் தெரியாது."

மாமா நம்பினார். அன்றிலிருந்து மட்ட மத்தியான வெயிலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் முழுக்கச் சுற்றினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் எரிவதைச் சொல்ல விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார்கள். கார் வந்த பிறகு ஊரில் மரியாதை கூடிவிட்டது என்று நினைத்து மாமா எல்லோருக்கும் பதில் வணக்கம் வைத்தார்.

திரையில் வணக்கம் சொல்லும் அந்தப் படத்தை நானே வரைந்திருந்தேன். அங்கேதான் வினை தொடங்கியது. என் தங்கை மீனா புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் வரைய அவளுடைய புடவை சாஃப்ட்வேர் மட்டுமே இருந்தது. அதில், புடவைக் கட்டத்துக்குள்ளேயே, கறுப்பு வெள்ளையில் மாமாவின் காரைப் பக்கவாட்டில் வரைந்தேன். எனக்கு ஓவியம் சுட்டுப்போட்டாலும் வராது. சக்கரங்கள் தனியாகத் தரையில் கிடந்தன, காரின் உடம்பு அவற்றுக்கு மேலே தொடாமல் மிதந்தது. ஆனால் சக்கரங்களில் மட்டும் என்னை மீறிய கலைத்திறன். ஒவ்வொன்றிலும் ஐந்து நட்டுகளை ஒரே சீராக வைத்தேன்.

அப்போது மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. ஆனால் முசரவாக்கத்திலிருந்து வந்த சம்பந்தியம்மா, "கடையில எடுத்தா ஊர்ல எல்லாரும் கட்டுற பொடவைதான். பட்டும் சரிகையும் நாங்க குடுக்கறோம், உங்க தறியிலயே நெய்ஞ்சு குடுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணின் கல்யாணப் புடவையைத் தன் கையாலேயே நெய்யப் போகிறாள். அதற்கான டிசைனைப் பெண்ணே மூன்று மாதமாக, வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, மயில் மயிலாக வரைந்துகொண்டிருந்தாள்.

எங்கள் தறிக்கு மேலே ஒரு பெட்டி உண்டு. டிசைன் இருக்கும் மெமரி கார்டை அதில் செருகினால், எந்த இழை தூக்க வேண்டும் என்று அதுவே பார்த்துத் தூக்கும். அது அறிவாளிப் பெட்டி இல்லை. அளவு சரியாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் எது கிடைத்தாலும் நெய்யச் சொல்லிவிடும். (நான் காரை வரைந்தது புடவைக் கட்டத்தில் என்பதை வாசகர் நினைவில் வைக்கவும். நான் வைக்கவில்லை.)

புடவையின் உடல் முடிந்து, முந்தானை தொடங்க வேண்டிய நாள். மீனா கடைசித் திருத்தம் செய்த கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "அண்ணா, இத்த பெட்டியில போட்டுடு. அடியில ஒரு வரி புதுசா சேத்திருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லிடு" என்றாள். அதே மேஜையில், புதிதாக நாதஸ்வரம் ஏற்றுவதற்காகக் கொண்டுவந்திருந்த மாமாவின் கார் கார்டும் கிடந்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. ஒன்றைத் தறியில் போட்டேன். இன்னொன்றை மாமாவிடம் ஓடிப்போய்க் காரில் போட்டேன். அவர் அன்று சம்பந்தியம்மாவை அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தார். புடவையைத் தறியிலேயே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை.

பதினோரு மணிக்கு மாமாவிடமிருந்து போன்.

"டேய், முசரவாக்கத்துல நிக்கிறேன். சம்பந்தியம்மா வண்டியில ஏறிட்டாங்க. பாட்டும் வரல, படமும் வரல. மானம் போவுது!"

"லைட்டு போட்டீங்களா மாமா?"

"லைட்டு, வைப்பரு, ஆரன் எல்லாத்தையும் போட்டுட்டேன்டா!"

கார்டு சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதே நேரம் தறியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். எங்கள் தறியில் புடவையின் முகம் கீழே பார்த்திருக்கும், நெய்கிறவருக்குத் தெரிவது பின்பக்கம்தான். அம்மா குனிந்து கைக்கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேகரு, வந்து பாருடா. மீனா சேத்த புது வரி சக்கரமாட்டம் வந்துக்கினு இருக்குது. இன்னா அழகு!"

கண்ணாடிக்குள் பார்த்தேன். அரக்குச் சிவப்புப் பட்டில், சுத்தச் சரிகையில், பன்னிரண்டு சக்கரங்கள் வரிசையாக ஜொலித்தன. தறியில் ஒரு படம் போட்டால் அகலத்துக்கு ஆறு தடவை திரும்பத் திரும்ப வரும். என் தங்கையின் முந்தானையில் ஆறு கார்கள் சிக்னலில் நிற்கின்றன. சக்கரங்களுக்கு மேலே மெல்லிய கோடாக பம்பர் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அம்மா, நிறுத்து!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது.

நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, சத்தம் கேட்டு ஓடிவந்த மீனா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒரே ஒரு வேலதானே அண்ணா உங்கிட்ட சொன்னேன்" என்றாள், மெதுவாக. இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் காது சுடுகிறது. அம்மாவின் முகம் அதைவிட மோசம். பிரிக்கலாம். ஆனால் பிரித்த சரிகை உடைந்து பிசிராகும், பட்டு சோர்ந்துபோகும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அம்மாவின் கண்ணுக்கு ஆயுசுக்கும் தெரியும். அம்மா பம்பரைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் ஏதாவது உதவட்டுமா என்று கேட்டேன். மூன்று பேர் வீட்டில் இரண்டு பேர் ஒரே குரலில், "எதையும் தொடாத!" என்றார்கள்.

பம்பர் போய்விட்டது. சக்கரத்தில் கை வைக்கப் போகும்போது வாசலில் கார் சத்தம். ஹெட்லைட் எரிய மாமாவின் வண்டி. சம்பந்தியம்மா நேராகத் தறிக்கு வந்தார், அம்மாவின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கினார், குனிந்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது இன்னா, சக்கரமா?"

நான்தான் வாயைத் திறந்தேன். "தேர்ச் சக்கரம் அத்தை. வரதர் தேரு."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு நெசவை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இருக்குதும்மா. இத்த மாத்தாதீங்க, இப்பிடியே இருக்கட்டும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. (நாதஸ்வரம் வராத கவலை என்று மாமா தட்டிக்கொடுத்தார்.) எனக்கு ஓவியம் வராதது அன்று குடும்பத்தைக் காப்பாற்றியது. ஒழுங்காக வரையத் தெரிந்தவன் சக்கரத்தையும் உடம்பையும் ஒட்டி வரைந்திருப்பான்!

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சக்கரங்களுக்கு மேல் தேர்த்தட்டு மாதிரி ஒரு வரி போட்டு, அதன்மேல் தன் மயில்களை ஏற்றினாள். கார்டை அவளே காரிலிருந்து கழற்றி, அவளே தறியில் போட்டாள். சொன்ன நாளில் புடவை தறியிலிருந்து இறங்கியது. கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. நான் மட்டும் மூன்று முடிச்சு விழும்வரை அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. விசேஷம் என்றால் சம்பந்தியம்மா மருமகளின் முந்தானையை விரித்து, "வரதர் தேர்ச் சக்கரம், பாத்தீங்களா?" என்று நாலு பேரிடம் காட்டுவார். மீனா என்னைப் பார்ப்பாள். நான் பந்தி பரிமாறப் போய்விடுவேன். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது.

போன மாதம் மீனாவின் பெண்ணுக்குக் காது குத்தினோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தியம்மா அந்த முந்தானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு இருவது வருசம் லாரி ஓட்டினவரு. நடு ரோட்டுல டயரு மாத்தும்போது நட்டுங்கள முந்தானையில முடிஞ்சுக்கினு நின்னவ நானு. காரு சக்கரம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கே..."

"அன்னிக்கே தெரியும்பா. சேகரு வரைஞ்ச வண்டி படம் வரலன்னு உங்க மாமா வழியெல்லாம் பொலம்பிக்கினு வந்தாரு. உங்கம்மா மூஞ்சியப் பாத்தேன். பிரிக்கச் சொன்னா ஒடைஞ்சு போயிடுவாங்க போல இருந்துது. அதான் கண்ணுல ஒத்திக்கினேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடப் பாரம் என் நெஞ்சிலிருந்து இறங்கியது. எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சம்பந்தியம்மா இன்னும் முந்தானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துது தம்பி. உங்க மாமா வண்டிக்கு நாலு நட்டுதானே? நீ ஏன் அஞ்சு போட்ட?"

இப்போது எங்கள் வீட்டில் நான் திருப்புளியை எடுத்தால் போதும், மீனாவின் ஏழு வயதுப் பெண் உட்பட எல்லோரும் கேட்கிறார்கள்: "நட்டு எண்ணிட்டியா?"