எரிவாயு முனைய முறையில் ஒரு கல்யாணச் சாப்பாடு

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவனுக்கு வந்த புதிதில் மரியாதை கிடைக்கும். கொஞ்ச நாளில் அறிவு முற்றிவிடும். ஊரில் எதைப் பார்த்தாலும் "இத இப்படியா செய்ற?" என்று கேட்பான். (அதற்குப் பிறகு, திரும்பிப் போகும் விமானம் எப்போது என்று வீட்டார் விசாரிக்கத் தொடங்குவார்கள்.) எனக்கு அந்த அறிவு முற்றியது சரியாக என் தங்கச்சி ரிஸ்னாவின் கல்யாணத்தன்று.

நான் வளைகுடாவில் ஓர் எரிவாயு இறக்குமதி முனையத்தில் வேலை செய்கிறேன். இயற்கை எரிவாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை இறக்கி, தாங்கியில் சேர்த்து, மறுபடி வாயுவாக்கி அனுப்புவோம். வேலை எங்கே சுணங்குகிறது என்று பார்த்துச் சீராக்குவதுதான் என் உத்தியோகம். முன்பெல்லாம் கப்பல் வந்து சும்மா நிற்கும். ஆள் தயார் என்றால் குழாய் தயாரில்லை, குழாய் தயார் என்றால் ஆளைக் காணோம். நான் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தேன். கட்டளை ஒரே அறையிலிருந்துதான். கப்பலும் கரையும் ரேடியோவில் 'தயார்' சொன்ன பிறகுதான் வால்வு திறக்கும். சுணக்கம் குறைந்தது. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் என் மூளையும் கொஞ்சம் கழன்றிருக்க வேண்டும்.

எங்கள் ஊர் கலகெதர. முஸ்லிம் கல்யாணம் என்றால் சஹன் சாப்பாடு: ஒரு பெரிய தட்டில் புரியாணி, சுற்றி ஆறு பேர், எல்லோர் கையும் அதே தட்டில். எங்கள் குடும்பத்தில் பந்தியை நடத்துவது வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா. அவருடைய முறை எளிது. மண்டப வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

"இங்க ரெண்டு பேர் குறையிது! வாங்க வாங்க, கூச்சப்படாம இரிங்க!"

டாக்டரும் மரக்கறி வியாபாரியும் ஒரே தட்டில் வந்து விழுவார்கள். எல்லோர் வயிறும் நிறையும். எனக்கு மட்டும் அது கண்ணில் குத்தியது.

மாப்பிள்ளை இம்தியாஸ் அக்குறணைக்காரர், தங்கமான பிள்ளை. அவருடைய வாப்பா ஹாஜியாரை நினைத்தால்தான் பயம். எங்கோ ஒரு கல்யாணத்தில் சாப்பாடு பிந்தியதற்காக, தன் ஆட்களையெல்லாம் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், இன்றுவரை அந்த வீட்டுப் படி மிதிக்காதவர். ரிஸ்னா வாழப் போவது அந்த மனுஷனின் வீட்டில். மருதாணிக் கையோடு என்னிடம் வந்தாள். (எங்கள் ஊரில் அண்ணனை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.)

"நானா, ஹாஜியார் கோவிச்சிட்டுப் போனா, நான் அந்த ஊட்டுல எப்பிடித் தல நிமிந்து நடக்கிற? நீங்க ஒண்டும் செய்யாம ஈங்க. அதுதான் எனக்குப் பெரிய கிஃப்ட்."

"நீ பயப்படாத. சிஸ்டம் ஒண்டு வச்சிருக்கன்" என்றேன். அவள் முகம் இன்னும் வெளுத்துப் போனது.

கட்டுகஸ்தோட்டையில் மண்டபம். ஆண்கள் கீழே, பெண்கள் மேல்மாடியில். வாடகைக்கு வோக்கிடோக்கிகள் எடுத்துச் சாச்சாவின் மகன்மாருக்குக் கொடுத்தேன். மேல்மாடிக்கும் ஒன்று அனுப்பினேன். நான் சமையல்கட்டில், புரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அதுதான் கட்டுப்பாட்டு அறை. ஆறு பேர் உட்கார்ந்து 'தயார்' என்று தகவல் வந்தால்தான் சஹன் போகும். அதிலும் முதலில் மாப்பிள்ளையின் சஹன். அது போகும்வரை அண்டாவின் மூடியைத் தொடக்கூடாது. சாச்சாவுக்கு வேலை இல்லை. (வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.)

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் முறை அபாரமாக வேலை செய்தது. மண்டபம் முழுக்க மளமளவென்று உட்கார்ந்துவிட்டது. ரேடியோவில் 'தயார்', 'தயார்' என்று மழை. ஒரே ஒரு சஹன் மட்டும் பாக்கி.

"நானா, மாப்புள்ளட சஹன்ல அஞ்சு பேர்தான்."

"ஏன் அஞ்சு?"

"ஒராள் வரணுமாம். ஆரு எண்டு கேட்டா, வர வேண்டிய ஆளுக்குத் தெரியும் எண்டு ஹாஜியார் செல்றார்."

அக்குறணையிலிருந்து யாரோ சொந்தக்காரன் பிந்துகிறான் என்று நினைத்தேன். இப்படிப் பொறுப்பில்லாத ஆட்கள் இருந்தால் எந்த முறைதான் உருப்படும்? காத்திருந்தோம். மண்டபத்தில் பிள்ளைகள் அழத் தொடங்கின. சாச்சா உள்ளே ஓடி வந்தார்.

"மகன், மூடியத் தொறங்க!"

"மாப்பிள்ளை சஹன் தயாரில்ல சாச்சா. முறைய மீற ஏலாது."

"இது சோறு வாப்பா! தொறந்தா வெடிக்கவா போகுது?"

அதற்குள் ரேடியோ அலறியது. "நானா! ஹாஜியார் எழும்பிட்டார்! சப்பாத்தத் தேடுறார்!"

தங்கச்சியின் வாழ்க்கை சப்பாத்து மாட்டிக்கொண்டு வெளியே போகிறது! பொத்தானை அழுத்திக் கத்தினேன்.

"ஆர்டா அந்த மடையன்? ஊரே பட்டினி கெடக்கு, எங்க போய் ஒளிஞ்சிட்டீக்கிறான்? கழுத்தப் புடிச்சி இழுத்துட்டு வாங்கடா!"

அத்தனை ரேடியோவிலும் அது போனது. பிறகு மேல்மாடியிலிருந்து ஒரு பெண் குரல். கல்யாணப் பெண்ணின் குரல்.

"நானா, மாப்புள்ளையோட இருந்து மொத எறச்சித் துண்ட வெக்கிறது பொண்ணுட கூடப் பொறந்தவன். எனக்கு ஈக்கிறது நீங்க ஒராள்தான்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த மடையன் நீங்கதான். போய் இரிங்க."

யா அல்லாஹ்! சின்ன வயதிலிருந்து எத்தனை கல்யாணத்தில் பார்த்த வழக்கம்! கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினேன். பின்னால் சாச்சா மூடியைத் தூக்கி எறிந்த சத்தம் கேட்டது. ஹாஜியார் ஒரு காலில் சப்பாத்தோடு வாசலில் நின்றார். பக்கத்தில் சாச்சாவின் மகன், கையில் ரேடியோ. எல்லாமே கேட்டிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஹாஜியார் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "ஒங்கட ஊட்டுல ஒராளுக்காவது உண்மை பேசத் தெரியிது" என்றார். "அது எங்கட ஊட்டுக்குத்தான் வருது. நல்லது. வாங்க, பசிக்கிது." சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பி நடந்தார். இம்தியாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் நான் வைத்த முதல் துண்டு சஹனில் விழவில்லை, அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

இந்தக் கதை என்னைவிட வேகமாக ஊர் ஊராகப் போனது. பிறகு எனக்குப் பெண் பேசி ஹுன்னஸ்கிரியவுக்குப் போனபோது, பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாப்புடுற நேரம் ஊட்டுல ஈப்பீங்களா, ரேடியோவுலயா?"

"ஊட்டுலதான்" என்றேன். நம்பி என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் இன்னும் வளைகுடாவில்தான். வீட்டில் விசேஷம் என்றால் என் மனைவி போனில் வீடியோ அழைப்பைப் போட்டு, தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து, சஹனின் ஆறாவது இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். ஹாஜியார் குனிந்து, "கண்ட்ரோல் ரூம், தயாரா?" என்று கேட்பார். நான் 'தயார்' என்று சொல்லாமல் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். சொன்னதும் இம்தியாஸ் இருப்பதிலேயே பெரிய இறைச்சித் துண்டாக எடுத்து, கமராவுக்குக் கிட்டப் பிடித்து, "மச்சான், இது ஒங்கட பங்கு" என்பார். பிறகு தன் வாயில் போட்டுக்கொள்வார்.