வாஷிங் மெஷினில் கூடு கட்டிய பறவை

டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை" என்றார். அன்று சாயங்காலமே என் மனைவி வீட்டிலிருந்த இனிப்பையெல்லாம் நாடு கடத்திவிட்டாள். ஜாம் போயிற்று. கேக் போயிற்று. சர்க்கரை டப்பாவில் கிடந்த ஸ்பூனைக்கூட என்னை நம்பி விட்டு வைக்கவில்லை. அன்றுதான் அந்த மாபெரும் முடிவை எடுத்தேன். இயற்கை ஆர்வலன் ஆகிவிடுவது!

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு தோட்டம். தோட்டம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கொய்யா மரம், ஒரு செம்பருத்திப் புதர், துணி காயப்போடும் கொடி, மூலையில் உயிரை விட்ட ஒரு வாஷிங் மெஷின், அவ்வளவுதான். அந்த மெஷினுக்குள் ஒரு டப்பா க்ரீம் பிஸ்கட்டை வைத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு மனிதன் காரணமில்லாமல் தினமும் விடிந்ததும் விடியாததுமாகப் போய்த் துணிக்கொடிக்குக் கீழே நிற்க முடியுமா? பறவை பார்க்கிறவன் நிற்கலாம். புதருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால்கூட, பெரிய படிப்பாளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பைனாகுலர் வாங்கினேன். பச்சைத் தொப்பி ஒன்றும் வாங்கினேன்.

"என்னங்க இது வேஷம்?" என்றாள் மனைவி.

"பறவை பாக்கப் போறேன்."

"கல்யாணமானதுலேர்ந்து ஒரு காக்காவைக்கூட நிமிர்ந்து பாத்ததில்லையே நீங்க!"

"அதான் இப்ப சேத்து வெச்சுப் பாக்கப் போறேன். அப்புறம் ஒரு விஷயம். அந்த வாஷிங் மெஷின் பக்கம் நீ போகவே கூடாது. உள்ள ஒரு பறவை கூடு கட்டியிருக்கு. மனுஷ வாடை பட்டா ஓடிடும்."

"நீங்க போவீங்களா?"

"நான் பழகிட்டேன்."

"உங்க வாடைக்கே ஓடலைன்னா என் வாடைக்கா ஓடப்போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் சொர்க்கம். கண் கொய்யா மரத்தில், கை டப்பாவில். பைனாகுலரை எப்படித் திருகினாலும் எனக்குத் தெரிந்தது என் கண் இமை மட்டும்தான். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

அப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பிஸ்கட்டைக் கடித்தேன். க்ரீம் இல்லை. மேலே ஒரு பிஸ்கட், கீழே ஒரு பிஸ்கட், நடுவில் சுரண்டிய தடம். அடுத்ததை எடுத்தேன். அதிலும் இல்லை. வரிசை முழுக்க அப்படித்தான்.

எலியோ? எலி என்றால் பிஸ்கட்டை விட்டுவிட்டு க்ரீமை மட்டும் தின்னுமா? அப்படியே தின்றாலும் மறுபடி ஒட்டி வைக்குமா? ஒட்டியே வைத்தாலும் டப்பாவை இவ்வளவு இறுக்கமாக மூடிவிட்டுப் போகுமா? நானே வயிற்றில் முட்டுக் கொடுத்துத்தான் அந்த மூடியைத் திறக்க வேண்டியிருந்தது. பொய்யாக ஒரு பறவையை வைத்தேன், நிஜமாகவே ஏதோ ஒன்று குடி வந்துவிட்டதே! கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அந்தப் பிஸ்கட்டைத் தின்றுவிட்டேன். வீணாக்கக் கூடாதல்லவா?

அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசம். நான் காலி செய்துவிட்டுப் போன வரிசையில் மறுநாள் பிஸ்கட் இருந்தது! க்ரீமோடு! ருசி கொஞ்சம் சுமார்தான். மழை ஈரத்தில் நமுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தூக்கம் போயிற்று. தின்றுவிட்டுப் போகும் பிராணியை ஒத்துக்கொள்ளலாம். கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பிராணி எது?

இதற்கு நடுவே மறுபடியும் ரத்தப் பரிசோதனை. பலியாடு மாதிரி போய் உட்கார்ந்தேன். டாக்டர் எழுந்து கை கொடுத்தார். "சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கே! அப்படி என்ன சாப்பிடறீங்க?"

"காத்து" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி கூரையைப் பார்த்தாள்.

தின்னத் தின்னச் சர்க்கரை குறைகிறது. எடுக்க எடுக்கப் பிஸ்கட் கூடுகிறது. எனக்குத் தலை சுற்றியது.

பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். நிஜமாகவே பறவை பார்ப்பவர். லீவு நாளில் காடு மேடெல்லாம் சுற்றுகிறவர். மதில் மேல் எக்கி, பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"டாக்டர், டப்பா மூடியைத் திறந்து, உள்ள இருக்கற க்ரீமை மட்டும் நக்கிட்டு, திரும்ப மூடி வைக்கிற பிராணி ஏதாவது உண்டா?"

"உண்டு சார். எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு. என் ரெண்டாவது பொண்ணு."

இதற்குள் துணி காயப்போட வந்த என் மனைவி சும்மா இருக்கக் கூடாதா? "டாக்டர், எங்க வாஷிங் மெஷின்ல ஒரு பறவை கூடு கட்டியிருக்காம். இவருக்கு மட்டும்தான் தெரியுது" என்றாள்.

பல் டாக்டர் மதிலைத் தாண்டியே வந்துவிடுவார் போலிருந்தது. "வாஷிங் மெஷின்லயா? என்ன பறவை சார்? நிறம் என்ன?"

"பிஸ்கட் நிறம்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"வாலு?"

"இருந்துது. முந்தாநேத்துலேர்ந்து இல்லை."

அவர் கண்கள் விரிந்தன. "சார், இது ரொம்ப அபூர்வம். என்கிட்ட ஒரு கேமரா இருக்கு. மரத்துல கட்டிட்டா போதும். எது அசைஞ்சாலும் தானா படம் எடுத்துடும்."

"வேணாம் டாக்டர்! பறவை கூச்சப்படும்!"

"அதெல்லாம் படாது. நல்லாத் தெரியற மாதிரி கட்டுங்க டாக்டர்" என்றாள் மனைவி. ஏணியையும் அவளே கொண்டுவந்து பிடித்துக்கொண்டாள்.

என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேமரா இருந்தால் அந்த மாயப் பிராணி யார் என்று தெரிந்துவிடும். கூடவே நான் யார் என்றும் தெரிந்துவிடும். அதனால் கேமராவுக்குப் பின்பக்கமாகவே பதுங்கிப் போய், என் துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினேன். பிறகு நிம்மதியாகப் போய் டப்பாவைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் லேப்டாப்போடு வந்தார். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வெறும் துண்டைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்று நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் படம், துண்டு. இரண்டாவது படம், துண்டு. மூன்றாவது படத்தில் துண்டைக் காணோம்.

"அழுக்கா இருந்துது. துவைக்க எடுத்தேன்" என்றாள் மனைவி.

நாலாவது படத்தில் வாஷிங் மெஷினிலிருந்து ஏதோ பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது... காட்டுப் பன்றியோட பின்பக்கம் மாதிரி இருக்கே. ஆனா பைஜாமா போட்டிருக்கு."

ஐந்தாவது படத்தில் பன்றி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பச்சைத் தொப்பி. இரண்டு கன்னமும் உப்பல். மீசையில் தூள்.

பல் டாக்டர், தொழில் பழக்கமோ என்னவோ, என் வாயையே பார்த்தார். எனக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போல அவமானமாக இருந்தது.

ஆனால் ஆறாவது படம் வந்தது பாருங்கள்! அதில் என் மனைவி! மடியில் என் டப்பா, கையில் ஒரு பாக்கெட். சாவகாசமாக உட்கார்ந்து பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்த்து லேசாகச் சிரிப்பு வேறு.

நான் துள்ளி எழுந்தேன். "பாத்தீங்களா டாக்டர்! அந்தப் பிராணி இவதான்! க்ரீமைத் தின்னது இவதான்!"

"நான் எங்க தின்னேன்? கத்தியால வழிச்சுப் போட்டேன்" என்றாள் அவள், குரலே உயர்த்தாமல். "நீங்க தொப்பி வாங்கின அன்னிக்கே டப்பாவைப் பாத்துட்டேன். அப்புறம் சர்க்கரை இல்லாத பிஸ்கட்டே கடையில கெடச்சுது. மாத்திட்டேன். பின்ன, சர்க்கரை எப்படிக் குறைஞ்சுதாம்? பறவை பாத்தா?"

மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்றே புரியவில்லை. இத்தனை நாளும் விடியற்காலைக் குளிரில் திருட்டுத்தனமாக, மார்பு படபடக்க நான் தின்றது பத்தியச் சாப்பாடு!

பல் டாக்டருக்கே மனசு இளகிவிட்டது. "அக்கா, சார் பாவம். பின்பக்கம் போய்ப் பதுங்க வேணாமே. அந்த சர்க்கரை இல்லாத பிஸ்கட்டை ஒரு தட்டுல வெச்சு, கையிலேயே குடுத்துடலாமே?"

மனைவி என்னைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கையில குடுத்தா திங்காது டாக்டர்."