எயார் கிளீனர் விசாரணை

“போதும்னு வண்டி எப்படிப்பா சொல்லும்?”

ஒரு வெள்ளிக்கிழமை காலை இப்படிக் கேட்டாள் ஹம்சிகா. அப்போது அவளுக்கு ஆறு வயது. மாத்தளை மாவட்டத்தில் இயந்திரங்கள் பற்றி இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளிலேயே ஆழமானது இதுதான். ஆழமான கேள்விகளைப் பெரியவர்கள் எப்படி நடத்துவார்களோ, அவளுடைய அப்பா இராசமாணிக்கமும் அப்படியே நடத்தினார். சிரித்தபடி அவள் தலையைத் தடவிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

வேலை என்பது, எல்கடுவ வீதிக் கோயில் நலன்புரிச் சங்கத்தின் வேனுக்கு ஒயில் ஊற்றுவது. அவர் சங்கத்தின் செயலாளர். வெள்ளிதோறும் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் நிரப்பிவிட்டு, அந்தப் பக்தி ஆறுமுன் வெளியே வந்து, என்ஜினுக்கும் அரைத் தம்ளர் ஒயில் விடுவார். தோட்டத்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டி அல்லவா? அதன் வயிறு வாடலாமா? அளவு பார்ப்பது கஞ்சத்தனம் என்பது அவர் எண்ணம்.

மூன்று மாதத்தில் வேன் நீலப் புகை கக்கியது. ஏற்றத்தில் இளைத்தது. ஒரு நாள், பிள்ளை வலி கண்ட தோட்டத் தொழிலாளி பிரவீனாவை ஏற்றிவரப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. அவள் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏறி மாத்தளைக்கு வந்து சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் நலம். சங்கத்தின் மானம்தான் கவலைக்கிடம்.

ஓட்டுநர் வினோஜன் எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து காட்டினான். என்ஜினுக்குள் போகும் காற்றைச் சலிக்க வேண்டிய வடி, வடை மடித்துக் கொடுத்த கடதாசி போல எண்ணெய் ஊறிக் கிடந்தது.

‘காற்று உள்ளெடுக்கும் தொகுதி எண்ணெயால் மாசடைந்தமை பற்றிய விசாரணை உபகுழு’ அன்றே உதயமாயிற்று. பக்கச்சார்பு இல்லாதவர் என்பதால் இராசமாணிக்கமே அதற்குத் தலைமை தாங்கினார்.

உபகுழு மூன்று முறை கூடியது. தேநீர் ஆறு முறை வந்தது. மலைப் பனிதான் உள்ளே போய்த் தடித்துவிட்டது என்றார் சங்கத் தலைவர். கண்ணூறு என்றார் பொருளாளர். முன் பம்பரில் தேசிக்காயும் மிளகாயும் கட்டப்பட்டன. இன்னொருவர் கைபேசியில் ஒரு காணொளி காட்டி, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று தீர்ப்பளித்தார். அதில் பேசிய மொழி ஒருவருக்கும் புரியாததால், ஒருவரும் மறுக்கவில்லை.

முடிவில், வண்டியை ஓட்டுபவன் ஒருவன்தான் என்ற ‘விஞ்ஞான’ உண்மை வெளிப்பட்டது. அவன் முரட்டுத்தனமாக ஓட்டியிருக்க வேண்டும். இதை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடத்தான் கராஜ்கார அன்ஸாரைக் கூப்பிட்டார்கள்.

அன்ஸார் நாற்காலியில் உட்காரவே இல்லை. நேரே வேனிடம் போய் ஒயில் அளவுக் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி விட்டு எடுத்து, எல்லோர் கண்ணுக்கும் நேரே பிடித்தார்.

“மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. ஒயில் கூடினா உள்ளுக்கு நுரைச்சு, மூச்சுக் குழாயால ஏறி இந்த எயார் கிளீனருக்குத்தான் வரும். என்ஜின்ல ஒரு கொறையும் இல்ல.” கையைத் துடைத்தபடி கேட்டார்: “நல்ல மனசுள்ள ஆள் யாரோ ஊத்தின. யாரு?”

மூன்று கூட்டங்களில் ஓயாது பேசிய இராசமாணிக்கம் அப்போது அறிக்கையின் பக்கங்களை எண்ணத் தொடங்கினார். வெள்ளிதோறும் புனல் பிடித்துக் கொடுத்தவன் வினோஜன். அவன் செயலாளரைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

“நான்தாங்க கம்பியப் பாத்திருக்கணும்.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார், பனி என்று சொன்ன தலைவர்.

‘ஒயில் விடயத்தில் கவனக்குறைவாக நடந்தவர் வண்டிப் பணியிலிருந்து உடன் நீக்கப்படுவார். கடிதத்தைச் செயலாளர் தயாரிப்பார்.’ தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உயர்ந்த கைகளில் இராசமாணிக்கத்தின் கையும் இருந்தது.

வாசலில் வினோஜனை மறித்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சாமி வெளக்குக்கு ஊத்துற மாதிரிதானே ஊத்துனீங்க. அதப் போயி குத்தம்னு எப்படிங்க சொல்றது?” என்றான் அவன். “புள்ளைக்கு இந்த மாசத்துக்குப் பால்மா வாங்கி வச்சிருக்கேன். பொறவு கொழும்புல ஏதாச்சும் மூட்டை தூக்குற வேலை பாத்துக்கிறேன்.”

அன்பைப் பற்றிக் கோயிலில் வாராவாரம் பேசுகிறவர் இராசமாணிக்கம். அன்று வாசலை விட்டு விலகி வழி விட்டார்.

ஞாயிறு விடியலில் சங்க அறையைத் திறந்தார். பூசகர் இன்னும் வரவில்லை. அம்மன் சன்னிதிக் கதவும் பூட்டியே இருந்தது. வினோஜன் ஒப்படைத்துப் போயிருந்த வேன் சாவியை எடுத்து, அவன் வழக்கமாகக் கொளுவும் ஆணியிலேயே திரும்பக் கொளுவினார். பிறகு உட்கார்ந்து கடிதத்தை எழுதினார். தீர்மானத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நீக்கப்படுபவர் என்ற இடத்தில் சு. இராசமாணிக்கம் என்று எழுதி, கீழே சு. இராசமாணிக்கம், செயலாளர் என்று ஒப்பமிட்டு, அறிவித்தல் பலகையில் குத்தினார்.

உபகுழுவின் அறிக்கை மேசையில் கிடந்தது. அதன் அடியில் ஒரு குறிப்பு சேர்த்துவிட்டு, பின் கதவால் வீட்டுக்குப் போனார்:

‘விசாரணைக்குக் குற்றவாளி முழு ஒத்துழைப்பு வழங்கினார். மூன்று கூட்டங்களுக்கும் நேரம் தவறாமல் சமூகமளித்தார். தலைமையும் அவரே.’