நான்கு அடி இரண்டு அங்குலச் சீப்பு

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அப்பா, அம்மா, நான், டிராக்டர் எல்லோரும் நலம். அம்மா போனில் அழுததைக் கேட்ட பிறகும் நீங்களும் அத்தையும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்றைக்கு நீங்கள் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டதற்கு நான் "ம்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு போனை அம்மா கையில் திணித்துவிட்டேன். போனில் எனக்கு வாய் வராது. பேனாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் கவனித்தது தண்ணீரைத்தான். அப்பா குடியிருப்புப் புல்வெளிக்கு ஹோஸ் பிடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், ரெயின்கோட்டில் விழுந்த மாதிரி உருண்டு நடைபாதைக்கு ஓடியது. விரலை விட்டுப் பார்த்தேன். பாதி விரல் போயும் மண் வரவில்லை. செத்த புல் வருஷக்கணக்காகச் சேர்ந்து பாய் மாதிரி கெட்டித்துக் கிடந்தது. அப்பாவோ தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்ற, புல் மேலும் மேலும் மஞ்சளாக, குடியிருப்புச் செயலாளர் வந்து நின்று, "மாசக் கடைசிக்குள்ள பச்சை வரலன்னா பிளாஸ்டிக் புல் விரிச்சிடலாம், தூசி தட்டினா போதும்" என்று சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் புல்லுக்கு டிராக்டர் எதற்கு? அதை விற்றுவிட்டு, தோட்ட வேலை பார்க்கும் அப்பாவை வாட்ச்மேனாக கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்களாம். அன்றைக்கு அப்பா அந்தக் குட்டி டிராக்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார் மாமா. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்கு முகம் துடைப்பது மாதிரி துடைத்தார். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தலையில் சிக்கு விழுந்தால் சீப்பு போடுகிறோம், புல்லுக்கும் போட்டால் என்ன என்று தோன்றியது. பழைய இரும்புக் கடையில் வைக்கோல் வாரும் மிஷினின் ஸ்பிரிங் பற்கள் பதினெட்டு கிடைத்தன. ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் செய்து, பற்களை வரிசையாக மாட்டி, மேலே இரண்டு சிமெண்ட் கல்லை பாரத்துக்கு வைத்து, டிராக்டருக்குப் பின்னால் கொக்கியில் கோத்தால் வேலை முடிந்தது. நீங்கள் வைத்துவிட்டுப் போன வெல்டிங் மிஷினைத் தொடக் கூடாது என்று சொன்னது உண்மை. நீங்கள் இங்கே ஜன்னல் கம்பி அடித்த இரண்டு மாதமும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே நின்றது நான்தான் என்பதும் உண்மை. ஸ்பிரிங் இரும்பில் வெல்டு வைத்தால் ஒடிந்துவிடும் என்று நீங்கள் யாரிடமோ சொன்னதுகூட ஞாபகம் இருந்தது. அதனால் பற்களை போல்ட் போட்டுத்தான் முடுக்கினேன். சட்டம் மட்டும் வெல்டிங். ஒட்டு அழகாக இல்லை, பல்லி எச்சம் மாதிரி இருக்கிறது, ஆனால் விடவில்லை.

தப்பு அளவில்தான் நடந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அம்மாவின் தையல். பேப்பரில் மாதிரி வெட்டினேன், சாக்பீஸால் இரும்பில் கோடு போட்டேன், பழக்க தோஷத்தில் இரண்டு ஓரத்திலும் தையலுக்கு ஒவ்வொரு அங்குலம் விட்டே அறுத்துவிட்டேன். துணியாக இருந்தால் அது உள்ளே மடிந்து போயிருக்கும். இரும்பு எங்கே மடியும்? நான்கு அடிச் சீப்பு நான்கு அடி இரண்டு அங்குலம் ஆனது. புல்வெளிக்குள் போக இருக்கும் இரண்டு மரத்தூண்களுக்கு நடுவில் சரியாக நான்கு அடி ஒரு அங்குலம்தான் இடம். டிராக்டர் நுழைந்துவிட்டது, சீப்பு சிக்கிக்கொண்டது.

அப்பா திரும்பிப் பார்த்து, "லேசாத்தான் இடிக்குது பாப்பா, இழுத்தா வந்துடும்" என்றார். இழுத்தார். வந்தது. ஒரு தூணும் வந்தது. அதில் ஆணி அடித்திருந்த 'புல்லில் நடக்காதீர்கள்' என்ற பலகையும் வந்தது. இன்ஜின் சத்தத்தில் அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மாடியில் நின்று எல்லோரும் "பின்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க" என்று கத்துகிறார்கள், அவர் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டிக்கொண்டே, பலகையைப் புல் மேல் இழுத்தபடி மூன்று சுற்று சுற்றினார். நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் எட்டிப் பார்த்தேன் மாமா, போன இடமெல்லாம் செத்த புல் மலை மலையாகக் கிளம்பி வந்தது. பதினோரு தள்ளுவண்டி அள்ளினோம்.

அள்ளிய பிறகுதான் அம்மாவுக்கு மயக்கம் வராத குறை. புல்வெளி அம்மை போட்டு எழுந்த மாதிரி சொட்டை சொட்டையாக இருந்தது. செயலாளர் பார்த்துவிட்டு, "இருந்ததும் போச்சா" என்றார். அம்மா என்னிடம், "இரும்புக்கு யாருடி தையலுக்கு விடுவா? நாளைக்கு பட்டன் துளையும் போடுவியா?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் உங்களுக்கு போன் வந்தது.

நடந்தது இதுவரைதான் உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் கழித்து பிளாஸ்டிக் புல் கம்பெனி ஆள் சாம்பிளுக்கு ஒரு புல் துண்டோடு வந்தார். வந்தவர் அதை எங்கே விரிப்பது என்று தெரியாமல் நின்றார். தண்ணீர் இப்போது மண்ணுக்குள் இறங்குகிறது அல்லவா, சொட்டை முழுக்க ஊசி ஊசியாக முளைத்துவிட்டது. அவருடைய துண்டு அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் பழைய மிதியடி மாதிரி தெரிந்தது. மூன்றாம் மாடி ரிட்டயர்டு டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து, "யோவ் செயலாளரே, நீயும் கழட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். அவரும் சாக்ஸைக் கழற்றினார். இரண்டு பேரும் வெறுங்காலோடு புல்லைச் சுற்றி வந்தார்கள். பிளாஸ்டிக்காரர் துண்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்தார், சாவி போடாமலே. அம்மா ஜன்னலில் நின்று சிரித்தாள், நான் பார்த்ததும் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் சொல்பேச்சு கேட்காதது தப்புதான். இனிமேல் இரும்பு பக்கமே போக மாட்டேன், ஒழுங்காகத் தையல் மிஷினில் உட்காருகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து வெல்டிங் மிஷினை எடுத்துப் போகலாம். துடைத்து, ஒயரைச் சுருட்டி, கதவோரம் வைத்திருக்கிறேன். நான் ஒன்றும் அழ மாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. குட்டிப்பயலின் இரண்டு கன்னத்தையும் எனக்காகக் கிள்ளுங்கள். கோபம் ஆறியிருந்தால் என்னை வாழ்த்துங்கள், ஆறாவிட்டால் ஆறிய பிறகு வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்த பெயரிலேயே,
வாயில்லாப்பூச்சி

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவர வேண்டாம். சற்று முன் பக்கத்துக் குடியிருப்பின் தோட்டக்காரர் வந்து, "அந்தச் சீப்பைச் செஞ்சது யாரு? எங்களுக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள், கதவோரம் இருந்த மிஷினைப் பார்த்தாள், "கேக்குறார்ல, பதில் சொல்லேன்" என்றாள். நான் வாசலுக்குப் போய் அவரிடம், "உங்க கேட்டு எத்தனை அடி அகலம்?" என்று கேட்டேன்.